தொட்டதெல்லாம் ஃபவுல் இல்லை: கூடைப்பந்துக்குப் புதிதாக விசில் ஊத வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பதினைந்து வருடமாக மாவட்ட அளவிலான ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறேன். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்டக்காரர்கள், சிலர் பி.இ.டி. ஆசிரியர்கள், இப்போதெல்லாம் கல்லூரிப் பெண்களும் நிறைய வருகிறார்கள். எல்லோரும் விதிப்புத்தகம் படித்திருக்கிறார்கள், தேர்வும் எழுதி பாஸாகிவிடுகிறார்கள், ஆனால் கோர்ட்டில் இரண்டு பேர் மோதிக்கொள்ளும் அந்த அரை நொடியில் கை மேலே போக மறுக்கிறது. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாம் ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிகளின்படி, நாம் ஆடுவது அதைத்தான். அமெரிக்காவின் என்பிஏ லீகில் பார்த்ததை வைத்து நம் ஊர் கோர்ட்டில் ஊதாதீர்கள், பல இடங்களில் இரண்டும் வேறு.

கூடைப்பந்து உடல் தொடாத ஆட்டம் என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியென்றால் தொட்டாலே ஃபவுல்தானே?

பிறந்தபோது ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் ஐந்தாவது, தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, இடறிவிடுவது, அடிப்பது எதுவும் கூடாது என்றது. முதல் தடவை செய்தால் ஃபவுல், இரண்டாவது தடவை செய்தால் அடுத்த கோல் விழும்வரை ஆள் வெளியே. குளிர்காலத்தில் ஜிம்முக்குள், கெட்டித் தரையில், யாருக்கும் அடிபடாமல் ஆட வேண்டும் என்று யோசித்து உருவாக்கிய ஆட்டம் அது.

ஆனால் இன்றைய ஆட்டத்தைப் பாருங்கள். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், அதற்குள் பத்து பேர், பாதி நேரம் அந்தப் பத்து பேரும் ஒரே கூடைக்கடியில். உரசாமல் ஆட முடியாது. அதனால் இப்போதைய விதி "தொட்டாரா" என்று கேட்பதோடு நிற்பதில்லை, தொட்டதால் என்ன ஆனது என்று கேட்கிறது. தொட்டவருக்கு அதனால் லாபம் கிடைத்ததா, எதிராளியின் அசைவு தடைபட்டதா? இரண்டும் இல்லையென்றால் ஆட்டத்தை நிறுத்தாதே என்று நடுவருக்கான பகுதியிலேயே எழுதியிருக்கிறது. அதே விதி இன்னொன்றும் சொல்கிறது, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஒருவரின் சுதந்திரமான நகர்வை எந்த வகையில் தடுத்தாலும் அது ஃபவுல். ஆக, ஊதாமல் விடுவதும் ஒரு முடிவு, அதற்கும் நீங்கள் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

லாபமா நஷ்டமா என்பதை அந்த நொடியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பந்து வைத்திருப்பவரிடம் நான்கு விஷயத்தைப் பாருங்கள்: தாளம், வேகம், பேலன்ஸ், துள்ளல். டிரிபிள் பண்ணிக்கொண்டு (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே) வருகிறார், அவரைத் தடுக்கும் டிஃபெண்டரின் கை இடுப்பில் பட்டது. அவர் வேகம் குறையவில்லை, பாதை மாறவில்லை, அப்படியே தாண்டிப் போய் லே-அப் (கூடைக்கு அருகே ஓடிவந்து எழும்பிப் போடும் ஷாட்) போட்டுவிட்டார் என்றால் ஆட்டம் ஓடட்டும், அந்த இடத்தில் ஊதினால் நீங்கள் அவருடைய இரண்டு புள்ளியைப் பறித்து சைடுலைனில் ஒரு த்ரோ-இன் (வெளியிலிருந்து பந்தை உள்ளே கொடுப்பது) கொடுக்கிறீர்கள். அதே கை பட்டதும் அவர் ஒரு அடி விலகிப் போனார், பந்து ஒரு துள்ளல் அதிகமாக எழும்பியது, தோள் திரும்பியது என்றால் அது ஃபவுல், பந்து அவர் கையிலேயே இருந்தாலும் சரி.

இதில் ஒரு விலக்கு. டிரிபிள் பண்ணுபவர் மேல் கையை வைத்து எடுக்காமல் வைத்திருப்பது, அல்லது குத்திக் குத்தி எடுப்பது. ஒவ்வொரு தொடுதலும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும், ஆனால் விட்டுக்கொண்டே போனால் ஆட்டம் முரட்டுத்தனமாகிவிடும் என்பதால் விதியே இதைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இதை முதல் குவார்ட்டரின் முதல் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஊதிவிடுங்கள். ஆட்டக்காரர்கள் புத்திசாலிகள், இன்றைக்கு இந்த சார் கை வைக்க விடமாட்டார் என்று ஒரே விசிலில் புரிந்துகொள்வார்கள். மூன்றாவது குவார்ட்டரில் திடீரென்று ஊத ஆரம்பித்தால் அவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

சிலிண்டர் என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு ஆட்டக்காரரைச் சுற்றியும் தரையிலிருந்து மேலே வரை கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் உள்ளங்கை வரை, பின்பக்கம் பிட்டம் வரை, இரு பக்கமும் கை கால்களின் வெளி விளிம்பு வரை. கையை நீட்டி அந்தக் குழாயைப் பெரிதாக்கிக்கொள்ள முடியாது, முழங்கை மடங்கியிருக்க வேண்டும். அந்த இடம் அவருடையது, நேர் மேலே குதித்தாலும் அவருடையதுதான்.

மோதல் நடந்தால் நான் எனக்குள் கேட்பது ஒரே கேள்வி: யார் யாருடைய குழாய்க்குள் போனது? யார் விழுந்தார், யார் கத்தினார், யாருக்கு வலித்தது என்பதெல்லாம் அப்புறம். பந்து வைத்திருப்பவருக்கும் சிலிண்டர் உண்டு என்பதை மறக்காதீர்கள். ஒட்டி நின்று மேலே சாய்ந்து அவரை பிவட் (ஒரு காலை ஊன்றி மறு காலால் திரும்புவது) கூட எடுக்க விடாமல் செய்யும் டிஃபெண்டரை நம் ஊரில் நல்ல டிஃபென்ஸ் என்று கைதட்டுகிறோம். பல நேரம் அது ஃபவுல்.

பிளாக்கிங்கா சார்ஜிங்கா? இதில்தான் எனக்கு வியர்க்கிறது.

எல்லோருக்கும் வியர்க்கிற இடம்தான். டிஃபெண்டர் தவறாகக் குறுக்கே வந்து மறித்தால் பிளாக்கிங், நியாயமாக நிற்கும் டிஃபெண்டர் மேல் பந்து வைத்திருப்பவர் போய் மோதினால் சார்ஜிங். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு முடிவில் கூடை, ஃபவுல், ஃப்ரீ த்ரோ எல்லாமே தலைகீழாகிவிடும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் கழற்றி வையுங்கள். "டிஃபெண்டர் அசையாமல் நின்றால் சார்ஜிங், அசைந்தால் பிளாக்கிங்" என்று கேலரியில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டுமல்ல, கோச்சுகளே கத்துவார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. டிஃபெண்டர் எதிராளியைப் பார்த்தபடி, இரண்டு காலும் தரையில் வைத்து ஒரு முறை நின்றுவிட்டால் அவருக்குச் சட்டப்படியான இடம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த இடத்தைக் காப்பாற்ற அவர் பக்கவாட்டில் நகரலாம், பின்னால் போகலாம், நேர் மேலே குதிக்கலாம், மோதல் வரும்போது அடி தாங்க உடலைத் திருப்பிக்கொள்ளலாம். எதிராளியை நோக்கி முன்னால் நகர்ந்து மோதுவதுதான் கூடாது.

அப்புறம் நேரமும் தூரமும். பந்து வைத்திருப்பவருக்கு எதிரே இடம் பிடிக்க டிஃபெண்டர் அவருக்கு ஒரு அடி விட வேண்டும், அரை நொடி விட வேண்டும் என்று எதுவும் இல்லை. கையில் பந்து இருந்தால் எந்த நேரமும் யாராவது குறுக்கே வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் ஆட வேண்டும். பந்து இல்லாதவர் விஷயம் வேறு. அவர் எவ்வளவு வேகமாக வருகிறாரோ அதற்கேற்ற தூரம் விட வேண்டும், குறைந்தது சாதாரணமாக ஒரு எட்டு எடுத்து வைக்கும் தூரம்.

மூன்றாவது, காற்றில் இருப்பவர். அவர் தரையை விட்டு எழும்பும் முன்பே டிஃபெண்டர் அந்தப் பாதையில் நின்றிருக்க வேண்டும். கால் தரையை விட்ட பிறகு குறுக்கே வந்தால் பிளாக்கிங், டிஃபெண்டர் எவ்வளவு அழகாக, சிலை மாதிரி நின்றாலும்.

மோதல் உடலின் எந்தப் பகுதியில் என்பதும் முக்கியம். நெஞ்சின் நடுவில் மோதினால் பெரும்பாலும் டிஃபெண்டர் முன்பே இடம் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். தோளிலோ இடுப்பின் ஓரத்திலோ தொடையிலோ மோதினால், அவர் தாமதமாக வந்திருக்கிறார். பெரும்பாலும்தான், எப்போதும் இல்லை.

இவ்வளவையும் அரை நொடியில் யோசிக்க முடியாது. அதனால்தான் டிஃபெண்டரைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். டிரைவ் (பந்தோடு கூடையை நோக்கிப் பாய்வது) தொடங்கியதுமே உங்கள் கண் பந்தை விட்டு டிஃபெண்டரின் காலுக்கும் நெஞ்சுக்கும் போய்விட வேண்டும். பந்து வைத்திருப்பவர் எப்படியும் அந்தப் பார்வைக்குள் ஓடி வருவார், அவரைத் தேட வேண்டியதில்லை. மோதல் நடக்கும் முன்பே, டிஃபெண்டர் நியாயமாக நிற்கிறாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதன் பிறகு விசில் தன்னால் வரும். பந்தைப் பார்த்துக்கொண்டு வந்தவருக்கு மோதலின் சத்தம் மட்டும்தான் கேட்கும், அவர் ஊகிக்க வேண்டியிருக்கும், ஊகிப்பவரின் கை நடுங்கத்தான் செய்யும்.

இன்னொன்று: பந்து கையை விட்டுப் போன பிறகு ஷூட்டர் போய் டிஃபெண்டர் மேல் மோதினால் சார்ஜிங் சரி, ஆனால் அந்தப் பந்து உள்ளே விழுந்தால் கூடை செல்லும். இதை ஸ்கோர் எழுதும் டேபிளில் போய் நின்றுகொண்டு யோசிக்காதீர்கள், அங்கேயே முடிவெடுத்துக் கையைக் காட்டுங்கள்.

கூடைக்கடியில் இருக்கும் அரைவட்டம்?

கூடையின் மையத்துக்கு நேர் கீழிருந்து 1.25 மீட்டர் ஆரம். பந்தோடு காற்றில் எழும்பி ஷாட் போடுபவரோ பாஸ் கொடுப்பவரோ, அந்த வட்டத்தில் ஒரு காலாவது வைத்திருக்கும் டிஃபெண்டர் மேல் மோதினால் சார்ஜிங் கிடையாது. கோடும் வட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அவர் கையால் தள்ளினாலோ, முட்டியைத் தூக்கி இடித்தாலோ, அந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. நம் சிமென்ட் கோர்ட்டுகள் பலவற்றில் இந்தக் கோடு அழிந்துபோயிருக்கும், ஆட்டத்துக்கு முன்பே பார்த்து சாக்பீஸால் போடச் சொல்லிவிடுங்கள்.

"சார், பந்தைத்தான் அடிச்சேன் சார்!" என்று ஷாட்டைத் தட்டித் தடுத்தவர் சொன்னால்?

உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கை பந்தைத் தொடும் முன்பு உடம்பு ஷூட்டரை இடித்திருந்தால், பந்தைத் தொட்டது எதையும் அழித்துவிடாது. மேலே கை சுத்தமாக இருக்கும், கீழே இடுப்பு தள்ளியிருக்கும், மேலேயே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். உயரமான பையன் கூடைக்கடியில் இரண்டு கையையும் நேராகத் தூக்கி நேர் மேலே குதிக்கிறான், ஷூட்டர் வந்து அவன் நெஞ்சில் மோதி விழுகிறான், கூட்டம் எழுந்து நிற்கிறது. அந்தப் பையன் எந்தத் தவறும் செய்யவில்லை. மேலே இருக்கும் இடம் அவனுடையது. இங்கே ஊதாமல் நிற்பதற்கு ஊதுவதை விட அதிகத் தைரியம் வேண்டும். ஊதிவிட்டால் அந்தப் பையன் இனி கையைத் தூக்கவே பயப்படுவான், நியாயமாக டிஃபென்ஸ் ஆடக் கற்றுக்கொண்டவனுக்கு நாம் கொடுக்கும் தண்டனை அது.

ஷூட்டர் கீழே இறங்கும்போது டிஃபெண்டர் காலடியில் இருந்தால்?

இதில் மட்டும் சந்தேகத்தோடு விளையாடாதீர்கள். எழும்பியவருக்குக் கீழே இறங்க இடம் உண்டு, அந்த இடத்துக்குள் பிறகு வந்து காலை வைத்து மோதலை உண்டாக்குவது ஃபவுல். அப்பட்டமாக அடியில் நுழைந்தால் அது அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் (சாதாரண ஃபவுலை விடக் கடுமையானது), சில நேரம் அதற்கும் மேலே. இரண்டு காலும் தரைக்குத் திரும்பும் வரை அவர் ஷூட்டர்தான், மூன்று புள்ளிக்குப் போட்டுத் தவறியிருந்தால் மூன்று ஃப்ரீ த்ரோ.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு லீக் ஆட்டம், மூலையிலிருந்து ஒரு பையன் மூன்று புள்ளிக்கு எழும்பினான். பந்து கையை விட்டதும் என் கண்ணும் பந்தோடு போய்விட்டது. ரிங்கில் பட்டு வெளியே வந்தது, ரீபவுண்டைப் பார்த்தேன், திரும்பினால் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறான். டிஃபெண்டர் காலை உள்ளே வைத்தாரா, அவனே தவறி இறங்கினானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பார்க்காததை ஊத முடியாது, ஊதவில்லை. அந்தப் பையன் அந்த சீசனில் மறுபடி ஆடவில்லை. அன்றிலிருந்து என் பகுதியில் யார் ஷாட் போட்டாலும் அவர் காலும் டிஃபெண்டர் காலும் தரையில் பத்திரமாக இறங்கும் வரை நான் கண்ணை எடுப்பதில்லை. பந்து உள்ளே போனதா என்பதை என்னோடு ஊதும் பார்ட்னர் சொல்வார், ஸ்கோர்போர்டு சொல்லும், கூட்டம் போடும் சத்தமே சொல்லிவிடும்.

ஸ்கிரீனில் எதைப் பார்ப்பது?

ஸ்கிரீன் என்பது தன் டீம் ஆளுக்கு வழி கிடைக்க டிஃபெண்டரின் பாதையில் நின்று மறிப்பது. அதை வைப்பவர் மோதல் நடக்கும்போது நின்றுகொண்டிருக்க வேண்டும், இரண்டு காலும் தரையில், தன் சிலிண்டருக்குள். இடுப்பை வெளியே தள்ளுவது, முட்டியை விரிப்பது, டிஃபெண்டர் சுற்றிப் போகும்போது கூடவே ஒரு அடி நகர்வது, இவைதான் நாம் அதிகம் பார்ப்பவை. எதிராளியின் பார்வைக்கு வெளியே, பின்னால் வைத்தால் அவருக்கு ஒரு எட்டு இடம் விட வேண்டும். சரியான ஸ்கிரீனில் வேகமாக வந்து மோதி டிஃபெண்டர் பொத்தென்று விழுந்தாலும் ஸ்கிரீன் வைத்தவர் மேல் ஃபவுல் இல்லை. சத்தத்தைக் கேட்டு ஊதாதீர்கள்.

போஸ்டில் (கூடைக்கு அருகே) இரண்டு பெரிய ஆட்கள் மல்லுக்கட்டுகிறார்கள், எப்போது ஊதுவது?

இருவரும் சமமாகச் சாய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒருவர் மற்றவரை இடத்திலிருந்து பெயர்த்தால் ஊதுங்கள். கையைக் கோத்துச் சுற்றுவது, முழங்கையை வெளியே நீட்டி இடம் பிடிப்பது, பின்னாலிருந்து முட்டியால் தள்ளுவது எதுவும் சிறியதல்ல. பந்து போஸ்டுக்கு வரும் முன்பே பேசலாம்: "கையை எடு தம்பி", "ரெண்டு பேரும் நேரா நில்லுங்க". ஒரு தடவை சொல்லுங்கள், கேட்கவில்லையென்றால் ஊதுங்கள். ஐந்து தடவை சொல்லிக்கொண்டே இருந்தால் நீங்கள் ரெஃப்ரி இல்லை, வர்ணனையாளர்.

ரீபவுண்டிலும் இதே கணக்குதான். முதுகில் ஏறியவர் கைக்குப் பந்து வந்தால் ஊதுங்கள், உரசல் நடந்தும் பந்து முன்னால் நின்றவருக்கே வந்துவிட்டால் ஆட்டம் ஓடட்டும்.

எங்கே நின்றால் எல்லாம் தெரியும்?

எங்கே நின்றாலும் எல்லாம் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்று, இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்றால் மோதல் மறைந்துவிடும். ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் இடைவெளி திறக்கும். பக்கத்தில் போய் நிற்பதை விட கோணம் முக்கியம், மிக அருகில் போனால் உடம்பு மட்டும்தான் தெரியும், கால் தெரியாது.

நம் ஊர் ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டே ரெஃப்ரி. லீட் என்பவர் கூடைக்குப் பின்னால் இருக்கும் எண்ட்லைனுக்கு வெளியே, டிரெயில் என்பவர் ஆட்டத்துக்குப் பின்னால், நடுக்கோட்டுப் பக்கம். டிரெயிலில் இருப்பவர்கள் ஷாட் போனதும் வேலை முடிந்தது என்று மறுபக்கம் ஓடத் தயாராகிவிடுகிறார்கள். அப்போதுதான் ஷூட்டர் தரையிறங்குவதும், பின்பக்கத்திலிருந்து ரீபவுண்டுக்கு ஏறுவதும் நடக்கிறது. ஓடி முடித்து நின்று பாருங்கள். ஓடிக்கொண்டே பார்த்தால் காட்சி குலுங்கும்.

விசில் சீக்கிரம் வந்துவிடுகிறது. என்ன செய்வது?

மோதலைப் பார்த்ததும் ஊதாமல், அது என்னவாக முடிகிறது என்று பார்த்துவிட்டு ஊதுங்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும். கூடையை நோக்கிப் போகும் ஆட்டத்தில் அந்தக் கூடுதல் கால் நொடி பொன்னானது. தாமதமாக ஊதினால் "பந்து போகலைன்னதும் ஊதுறாரு" என்பார்கள், சொல்லட்டும். ஆனால் ஷூட்டரின் கையில் பளிச்சென்று அடித்தாலோ, தலையிலோ கழுத்திலோ பட்டாலோ காத்திருக்காதீர்கள்.

ஊதினால் ஒரே ஊது, அழுத்தமாக. உள்ளே மணி உருளும் பழைய விசிலைத் தவிர்த்துவிடுங்கள். 1984ல் பிரேசிலின் சாவோ பாலோவில் நடந்த ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் கனடா ரெஃப்ரி ரான் ஃபாக்ஸ்கிராஃப்டுக்கு அந்த மணி சிக்கிக்கொண்டு சத்தமே வராமல் போனது. அந்த அனுபவத்திலிருந்துதான் மணி இல்லாத ஃபாக்ஸ் 40 விசிலை உருவாக்கினார்.

ஊதிவிட்டேன். அடுத்து என் கை குழறுகிறது.

ஃபவுலுக்கு மூடிய முஷ்டி மேலே. வயலேஷனுக்குத்தான் (ஃபவுல் அல்லாத விதிமீறல்) விரித்த உள்ளங்கை, பதற்றத்தில் இரண்டையும் குழப்பாதீர்கள். அந்த இடத்திலேயே ஒரு மூச்சு நில்லுங்கள், ஃபவுல் செய்தவரின் நம்பரை மனதில் வாங்குங்கள், ஷாட் உண்டா இல்லையா என்று தீர்மானியுங்கள். பிறகு டேபிளுக்குத் தெரியும் இடத்துக்கு வந்து நின்று வரிசையாக: நம்பர், என்ன ஃபவுல், அடுத்து என்ன. 11 முதல் 15 வரை வலது கை முஷ்டி, இடது கையில் மீதி எண். 16 முதல் மேலே உள்ள எண்களுக்கு முதலில் புறங்கையைக் காட்டி பத்தாமிடம், பிறகு உள்ளங்கையைக் காட்டி ஒன்றாமிடம். வாயாலும் சொல்லுங்கள். ஸ்கோர்ஷீட் எழுதுபவர் தலையாட்டும் வரை நகராதீர்கள்.

உங்கள் பார்வை நூறு சதவீதம் சரியாக இருந்தாலும், சைகை அரைகுறையாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஓடிக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே நம்பர் காட்டுபவரிடம்தான் கோச் சண்டைக்கு வருகிறார்.

கோச் ஆட்டம் முழுக்கக் கத்துகிறார், லோக்கல் டீம் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது.

கத்துவது வேறு, கேட்பது வேறு. "சார், என்ன ஃபவுல் அது?" என்று கேட்டால் ஒரே வாக்கியத்தில், விதியின் வார்த்தையில் பதில் சொல்லுங்கள்: "ஷூட்டர் எழும்பின பிறகு உங்க பையன் உள்ளே வந்தார் சார்." அவ்வளவுதான். விளக்கம் நீண்டால் வாதமாகிவிடும். தெரியவில்லையென்றால் "என் கோணத்தில் தெரியலை சார், பார்க்கிறேன்" என்று சொல்வதில் எந்த இழுக்கும் இல்லை, நல்ல கோச்சுகள் அதை மதிக்கிறார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் கையை விரித்துக் கூட்டத்தைத் தூண்டிவிடுபவருக்கு எச்சரிக்கை, அடுத்தது டெக்னிக்கல், அதாவது நடத்தைக்கான ஃபவுல். குரலை உயர்த்தாமல், அவரை முறைக்காமல், இரண்டு கையாலும் 'T' சைகை காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு ஃப்ரீ த்ரோ, அதோடு ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடரும். சொந்த நடத்தைக்காக இரண்டு வாங்கினால் அவர் வெளியே போக வேண்டும்.

கூட்டத்துக்குப் பதில் சொல்லாதீர்கள், திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். இரவு ஆட்டங்களில் கோட்டுக்கு இரண்டடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், காதுக்குள்ளேயே கத்துவார்கள். உங்களுக்கு ஒரே வேலை, அடுத்த டிஃபெண்டரின் கால்.

தப்பாக ஊதிவிட்டேன் என்று எனக்கே தெரிகிறது. எதிர்ப்பக்கம் ஒன்று கொடுத்துச் சரிக்கட்டலாமா?

கூடாது. ஒரு தவறு இரண்டாகிவிடும், இரண்டாவது தெரிந்தே செய்தது. பந்து உயிர் பெறும் (மறுபடி ஆட்டத்துக்கு வரும்) முன்பு பார்ட்னர் வேறு ஏதாவது நிச்சயமாகப் பார்த்திருந்தால் இருவரும் பேசி மாற்றலாம். இல்லையென்றால் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு வாருங்கள்.

அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

கோபமும் எண்ணமும் உங்கள் பிரச்சினை இல்லை, செயலை மட்டும் பாருங்கள். பந்தை ஆட முயற்சியே இல்லையா? பந்தை ஆடப் போயிருந்தாலும் அடி அளவுக்கு மீறியதா? வேகமாக எதிர்த்தாக்குதல் போகிறவரை நிறுத்த மட்டுமே தேவையில்லாமல் பிடித்தாரா? அவருக்கும் கூடைக்கும் நடுவில் யாரும் இல்லாதபோது பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ மோதினாரா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் கொடுங்கள்: இரண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும். ஜெர்சியைப் பின்னாலிருந்து இழுத்துவிட்டு "சாதாரண ஃபவுல்தானே சார்" என்பார்கள். இல்லை. ஒரே ஆட்டத்தில் ஒருவருக்கு இரண்டு ஆனால் அவர் வெளியே.

கடைசி நிமிடம், ஒரு புள்ளி வித்தியாசம், ஸ்டார் ஆட்டக்காரருக்கு நான்கு ஃபவுல். அப்போதும் அதே அளவுகோலா?

அதேதான். முதல் குவார்ட்டரில் ஃபவுலாக இருந்தது நான்காவதிலும் ஃபவுல். ஐந்தாவது, ஊதினால் அவர் வெளியே போக வேண்டும் என்று தெரிந்து ஊதாமல் விட்டால், எதிர் டீமின் கையிலிருந்து நீங்கள் எதையோ எடுத்து இவருக்குக் கொடுக்கிறீர்கள். நம்பரைப் பார்த்து முடிவெடுக்காமல் இருக்க, யாருக்கு எத்தனை ஃபவுல் என்று நான் டேபிளில் கேட்பதே இல்லை. டீம் ஃபவுல் எத்தனை என்பது மட்டும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், குவார்ட்டருக்கு நான்கு முடிந்தால் ஐந்தாவதிலிருந்து ஃப்ரீ த்ரோ.

பின்தங்கிய டீம் கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே ஃபவுல் போட வரும். பந்தை நோக்கி வந்து லேசாகத் தொட்டாலே அந்த முதல் தொடுதலை ஊதிவிடுங்கள். ஊதாமல் விட்டால் இரண்டாவது தொடுதல் பலமாக வரும், மூன்றாவதில் யாராவது கீழே விழுவார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில், த்ரோ-இன் பந்து இன்னும் வெளியே கையில் இருக்கும்போதே உள்ளே டிஃபெண்டர் ஃபவுல் செய்தால் அதற்குத் தனிக் கணக்கு: ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும்.

பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்திலும் இப்படித்தானா?

விதி ஒன்றுதான், கண் கொஞ்சம் மாறும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உடல் பலம் குறைவு, சின்ன உரசலிலேயே பேலன்ஸ் போய்விடும், ஆக அங்கே அது ஃபவுல். பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டியில் ஆடும் வங்கி, ரயில்வே, ராணுவ டீம்களின் ஆட்கள் அதே உரசலை உணரக்கூட மாட்டார்கள். பிள்ளைகளிடம் ஊதிவிட்டு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுங்கள், "கையை இல்லம்மா, காலை நகர்த்து" என்று.

எப்படிப் பயிற்சி எடுப்பது?

ஏதாவது ஒரு ஆட்டத்தின் வீடியோவைப் போட்டு பந்தைப் பார்க்காமல் டிஃபெண்டரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், கண் பந்துக்கே ஓடும். ஒரு வாரத்தில் பழகிவிடும். மோதல் வந்த இடத்தில் நிறுத்தி, உங்கள் முடிவை வாயால் சொல்லி, விதியின் எந்த வார்த்தை அதற்குக் காரணம் என்றும் சொல்லிவிட்டு மறுபடி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சாயங்காலம் பக்கத்து கிளப்பில் பயிற்சி ஆட்டம் நடந்தால் கேட்டு வாங்கி ஊதுங்கள், காசு கிடைக்காது, ஆனால் ஒரு மணி நேரத்தில் ஐம்பது மோதல் பார்க்கலாம். சைகைகளைக் கண்ணாடி முன்னால் நின்று பழகுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற டீம் கோச் வந்து நின்றால்?

ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு பார்ட்னரோடு சேர்ந்து கிளம்பிவிடுங்கள், கோர்ட்டில் நின்று பேச வேண்டாம். மறுநாள் காலை அவரே அமைதியாகக் கூப்பிட்டு அந்த மூன்றாவது குவார்ட்டர் சார்ஜிங்கைப் பற்றிக் கேட்டால், உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேசுங்கள். எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தவர்களில் இரண்டு பேர் அப்படிக் கேட்க வந்த கோச்சுகள்தான். அவர்களில் ஒருவர் போனில் எடுத்த வீடியோவோடு வந்திருந்தார், பார்த்தோம், டிஃபெண்டரின் இடது கால் இன்னும் காற்றில்தான் இருந்தது.